சங்கையா பேரில் நின்றவன்

சாந்தன்பாறை
8-7-1973, ஞாயிறு

அன்பு மகன் சங்கையாவுக்கு அப்பா பெரியமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, கறுப்பு ஆடு, அதன் இரண்டு குட்டிகள் எல்லோரும் சுகம். மழைக்குத்தான் சுகமில்லை, ஒன்பது நாளாக விடாமல் மூக்கு ஒழுகுகிறது. பாலக்காட்டில் உன் உடம்பு, வயிறு, தூக்கம் மூன்றையும் தனித்தனியாக எழுது. "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே.

நீ கேட்ட உடல்தகுதி சர்டிபிகேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் காலேஜில் கொடுத்துவிடு. அதை வாங்கின கதையைக் கேள். நம் எஸ்டேட் ஆசுபத்திரிக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். உன் கடிதம் போடி வழியாக மலையேறி என் கைக்கு வந்தது திங்கள் சாயங்காலம். மறுநாள் காலைக்குள் நீ இங்கே வர பஸ்ஸுக்கு இறக்கை முளைத்தால்தான் உண்டு. யோசித்தேன். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது, காய்ச்சலில் படுத்தவன் பேருக்குப் பக்கத்து லயத்துக்காரன் "ஆஜர்" என்று குரல் கொடுத்து, அன்றைக்கு அவன் பேரில் வேலை பார்ப்பது நம்மிடம் உள்ள வழக்கம்தானே. நானே இருபது வருஷத்தில் எத்தனை பேருக்கு ஆஜர் ஆகியிருக்கிறேன். ஒருமுறை விவரம் தெரியாமல் செத்துப்போனவர் பேருக்குக்கூட ஆஜர் சொல்லி, அரை நாள் அவராக மண் வெட்டினேன்.

அதே முறைப்படி, மேல் டிவிஷன் கருத்தப்பாண்டியைக் குளிக்க வைத்து, உன் பழைய சட்டையை மாட்டி, டாக்டர் முன்னால் நிறுத்திவிட்டேன். புது டாக்டர், நம் பிள்ளைகளின் முகம் தெரியாது. சட்டைதான் முதுகில் கிழிந்துவிட்டது, அவ்வளவு அகலம் அவன். "பேரு என்ன?" என்றார் டாக்டர். பயல் "கருத்த..." என்று தொடங்கினான். நான் பலமாக இருமினேன். "சங்கையா" என்றான். குழாயை நெஞ்சில் வைத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்து, "என்னய்யா தின்னக் குடுத்து வளத்தே? லாரி எஞ்சின் மாதிரி அடிக்குது" என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். கூலியாகப் பூப்பாறைக் கடையில் ஏழு புரோட்டா தின்றான் உன் பேர்க்காரன்.

ஒரு விஷயம். பந்து ஆடுவதால்தான் ஹாஸ்டலில் இடம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். ஆகவே ஆடாதே என்று சொல்ல மாட்டேன். ஹாஸ்டல் டீமோடு நின்றுகொள். சாயங்காலம் கொஞ்சம் தட்டு, வியர்த்ததும் உட்கார். அதற்கு மேல் வேண்டாம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.
அப்பா, பெரியமுத்து


பாலக்காடு
22-7-1973

அன்புள்ள அப்பாவுக்கு, சங்கையா வணக்கம். நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன்: உடம்பு சுகம், வயிறு சுகம், தூக்கம் சுகம். ஆட்டுக்குட்டிகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கருத்தப்பாண்டி கதையை அறையில் சத்தம் போட்டுப் படித்தேன். நாலு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள்.

இங்கே வாலிபாலில் மூன்று படி இருக்கிறது. முதல் படி ஹாஸ்டல் டீம். சாயங்காலம் ஒரு மணி நேரம், யார் வேண்டுமானாலும் ஆடலாம். அடுத்தது காலேஜ் டீம். அதற்குக் காலையிலும் பயிற்சி உண்டு. மூன்றாவது யூனிவர்சிட்டி டீம். அதில் சேர்ந்துவிட்டால் பின்னால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்கிறார்கள்.

விளையாட்டு ஆசிரியர் பழனிச்சாமி சார் இங்கே பக்கத்துச் சித்தூர்க்காரர். நான் பந்து எடுத்துக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா மலைக்காரா, கை உனக்கு வெண்ணெயாட்டம் இருக்குது. மூச்சுத்தான் பத்தமாட்டீங்குது. கோட்டையச் சுத்தி நாலு ரவுண்டு ஓடு, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார். நாளை காலையிலிருந்து ஓட்டம். ஹாஸ்டல் டீமோடு நிற்கச் சொன்னீர்கள். நான் இப்போதைக்கு அங்கேதான் இருக்கிறேன். ஆனால் சார் கூப்பிட்டால் எப்படி மறுப்பது?

அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி எழுதவும்.
தங்கள் மகன், சங்கையா


சாந்தன்பாறை
30-7-1973

மதிப்புள்ள நண்பர் சைனுதீன் ராவுத்தருக்குப் பெரியமுத்து வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் பீவி அம்மாவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதினைந்து வருஷமாக நம் ஸ்டோருக்கு ஏலக்காய் பார்க்க வருகிறீர்கள். காய்க்குள் அரிசி இருக்கிறதா, வெறும் தோலா என்று விரலாலேயே சொல்லிவிடுவீர்கள். இப்போது என்னை உடைத்துக் காட்டப்போகிறேன், முகம் சுளிக்காதீர்கள்.

என் மகன் உங்கள் ஊர்க் காலேஜில் சேர்ந்திருப்பது தெரியும். அவனுக்கு ஒன்பது வயசில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. மலையிறக்கி ஆசுபத்திரிக்குத் தூக்கிப்போனேன். பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மூட்டுக் காய்ச்சல் போயிடும். ஆனா இருதயத்துல வடு விழுந்திருக்கு. உள்ளே ஒரு கதவு சரியாத் திறக்காது. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, இருபது வயசு வரைக்கும் விடாமப் போடணும். ஓட்டம் கூடாது" என்றார். நான் வீட்டுக்கு வந்து, மூட்டுவலிக்கு ஊசி என்று மட்டும் சொன்னேன். அவன் அம்மா சின்னத்தாய்க்கு இன்றுவரை மற்றது தெரியாது. அவனுக்கும் தெரியாது.

மூன்று வருஷம் போட்டேன். ஊசி நாளென்றால் பயல் ஏலத்தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்வான். அவனைத் தேடி அட்டைக்கடி வாங்கியது நான். பன்னிரண்டு வயசில் ஒருநாள் வாலிபால் வலைக்கு மேலே எகிறி அடித்தான். இவனுக்கா இருதயத்தில் வடு என்று அன்றைக்கே ஊசியை நிறுத்திவிட்டேன். எட்டாம் வகுப்புப் படித்த டாக்டர் நான்.

இந்த மாதத் தொடக்கத்தில் வேறொரு பையனை நிறுத்தி இவன் பேரில் சர்டிபிகேட் வாங்கினேன். பஸ் இல்லை என்று இவனுக்கு எழுதினேன். பஸ் இருந்தது. தந்தி அடித்திருந்தால் அடுத்த செவ்வாய்க்கு வந்திருப்பான். குழாய் வைத்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும், ஹாஸ்டல் இடம் போகும், படிப்பும் போகும். அதனால்தான்.

இப்போது காலையில் ஓட விடுகிறார்களாம். கொஞ்சம் ஆடினால் தப்பில்லை, அளவுக்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைக் கூப்பிட்டு ஒரு பார்வை பாருங்கள். விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நன்றி மறவாத, பெரியமுத்து


பாலக்காடு
14-8-1973

அன்பு முத்தண்ணனுக்கு, படைத்தவன் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். அண்ணி முழங்காலுக்கு ஒரு தைலம் வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். கோபம் வந்தது. பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கோபம் பாதியாயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். நல்ல பையன். பீவி சுட்ட அரிசிப் பத்திரியை எட்டு தின்றுவிட்டு, "போதும் மாமி" என்றான், தட்டை நகர்த்தாமல். பிறகு மேல்மாடிக் கிடங்கைக் காட்டக் கூட்டிப்போனேன். பதினெட்டுப் படி. ஒன்பதாவது படியில் நின்றான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல நின்றான். அது போன வருஷக் காலண்டர். "என்னடா, தேதி பாக்கியா?" என்றேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல மூச்சில்லை என்று எனக்குப் பட்டது.

கிளம்பும்போது, "மாமா, ஹாஸ்டல் தலகாணி ரொம்பத் தாழ்வா இருக்கு. எங்க நல்லதாக் கெடைக்கும்?" என்று கேட்டான். அப்பாவுக்கு எழுது, மலை இலவம்பஞ்சில் நல்லதாக அனுப்புவார் என்றேன்.

அண்ணே, ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன். ஆனால் இது அளவு பார்த்து ஆடுகிற ஆட்டமில்லை. அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சைனுதீன்


சாந்தன்பாறை
22-8-1973

அன்பு மகனுக்கு, இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். ஸ்டோரில் முதல் காய் வந்துவிட்டது. காய் உலர்த்துகிற அடுப்புப் புகையில் என் முகம் கருவாடாகிக்கொண்டிருக்கிறது. அம்மா பக்கத்தில் படுக்க மறுக்கிறாள்.

இத்துடன் லாரிக்காரரிடம் தலையணை ஒன்று கொடுத்தனுப்புகிறேன். ராவுத்தர் எழுதியிருந்தார். ஹாஸ்டலில் கொடுத்தது ஒன்று, இது ஒன்று, ஆக இரண்டு. இரண்டையும் வைத்தா படுக்கிறாய்? சும்மாதான் கேட்கிறேன். எனக்கு இப்போது மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. ஸ்டோர் ஏணியில் நாலு படி ஏறி, நாலு சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஐந்தாவதில் கால் வைக்கிறேன். நம் குடும்பத்துக்கே அப்படியோ என்று சந்தேகம். உனக்கு இரைக்குமா?

ஆட்டத்தைப் பற்றி. நான் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு போட்டியில் கலந்துகொண்டேன், சாக்கு ஓட்டம். சாக்குக்குள் இறங்கினேன், விசில் அடித்தார்கள், விழுந்தேன். சாக்கை விட்டு வெளியே வருவதற்குள் பரிசு கொடுத்து முடித்துவிட்டார்கள். அதோடு விளையாட்டை விட்டேன். எனக்கு என்ன குறைந்துபோயிற்று? காலேஜ் டீம் எல்லாம் வேண்டாம். படிப்பு கெடும். அம்மாவும் கெட்ட கனவு கண்டாள். ஹாஸ்டல் டீமில் நின்றால் இடமும் இருக்கும், உடம்பும் இருக்கும்.

மாடிப்படிக் கேள்விக்கு மறக்காமல் பதில் எழுது.
அப்பா


பாலக்காடு
23-9-1973

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். தலையணை கிடைத்தது. மிகவும் உதவியாக இருக்கிறது.

நான் காலேஜ் டீமில் சேர்ந்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் சேர்ந்தது தப்புதான். சார் பேர் வாசித்தபோது எழுந்து நிற்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு வேடிக்கை. ஓட்டத்தில் நான் கடைசியாக வருகிறேன் என்று சார் என் சர்டிபிகேட்டை எடுத்துவரச் சொல்லி எல்லோர் முன்னாலும் படித்தார். "நெஞ்சளவு முப்பத்தாறு. மூச்சு இழுத்தா முப்பத்தொம்பது. டாக்டரு ஃபர்ஸ்ட் கிளாஸ்னு எழுதியிருக்காருப்பா! இத்தன பெரிய நெஞ்ச வெச்சுட்டு மூச்சு வாங்குதுன்னா அது சோம்பேறித்தனம். நாளையிலிருந்து உனக்கு ஆறு ரவுண்டு" என்றார். கருத்தப்பாண்டியின் நெஞ்சுக்கு நான் ஓடுகிறேன். அவனுக்கு அடுத்த முறை புரோட்டா வாங்கிக்கொடுக்காதீர்கள்.

சார் சொல்வதும் நிஜமாக இருக்கலாம். மற்றவர்கள் ஓடி முடித்துவிட்டுச் சிரித்துப் பேசுகிறார்கள். எனக்கு மட்டும்

மறுநாள் தொடர்கிறேன். நேற்று தூக்கம் வந்துவிட்டது. மாடிப்படி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இப்போது கீழ்த்தள அறைக்கு மாறிவிட்டேன். மாடியில் காற்று போதவில்லை.

நீங்கள் ஏன் என்னை எப்போதும் ஹாஸ்டல் டீமிலேயே நிற்கச் சொல்கிறீர்கள்? மற்றவர்களின் அப்பாக்கள் மகன் முன்னேறினால் சந்தோஷப்படுகிறார்கள்.

அம்மாவுக்கு அன்பு.
சங்கையா


சாந்தன்பாறை
1-10-1973

அன்பு மகன் சங்கையாவுக்கு.

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் மை மாறியிருக்கிறது. ஒரு பக்கத்தை நீ மூன்று நாள் எழுதியிருக்கிறாய். எனக்கு எழுத்து அதிகம் தெரியாது, ஆனால் மை தெரிகிறது.

இன்றைக்கு வேடிக்கையாக எழுத வரவில்லை. நேராகச் சொல்கிறேன். ஒன்பது வயசில் உனக்கு வந்தது வெறும் மூட்டுவலி இல்லை. உன் இருதயத்தில் வடு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஓடக்கூடாது என்றார். இருபது வயசு வரை போட வேண்டிய ஊசியைப் பன்னிரண்டில் நிறுத்தியது நான்தான். நீ நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அதுதான் சரி. டாக்டர் உன் நெஞ்சில் குழாய் வைத்துவிடக் கூடாது என்றுதான் கருத்தப்பாண்டியை நிறுத்தினேன். நீ ஓடுகிற ஆறு ரவுண்டும் நான் வாங்கிக்கொடுத்தது.

நெஞ்சில் நோய் என்று சொன்னால் பையன் பயந்து கிழவன்போல உட்கார்ந்துவிடுவானே என்று நினைத்தேன். பயந்தது நான்.

இனி ஒரு அடிகூட ஓடாதே. எந்த டீமும் வேண்டாம். ஹாஸ்டல் இடம் போனால் போகட்டும். ராவுத்தர் வீட்டு முன்னறையில் தங்கிப் படிக்கலாம். அவரோடு போய் டாக்டரைப் பார். பழனிச்சாமி சாருக்கும் இன்றே எழுதிவிட்டேன், மகனுடைய சர்டிபிகேட் பழையதாகிவிட்டது, மறுபடி பரிசோதிக்காமல் ஆடவிட வேண்டாம் என்று. பொய் சர்டிபிகேட் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எஸ்டேட் டாக்டர் மாட்டிக்கொள்வார், உன்னையும் காலேஜை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று கை 'பழையது' என்று எழுதிவிட்டது.

உடனே பதில் போடு. திட்டியாவது போடு.
அப்பா


பாலக்காடு
4-11-1973

அப்பாவுக்கு, வணக்கம். இங்கு நலம்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. ஒன்பது வருஷம் நீங்கள் சொல்லாமல் இருந்தீர்கள். நான் ஒரு மாதம் எழுதாமல் இருந்தது பெரிதில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி சார் மறுபரிசோதனைக்கு அனுப்பினார். வியாழக்கிழமை, முதல் தேதி காலை பத்து மணிக்கு, இங்கே ஒரு டாக்டரிடம் முடிந்தது. இருதயத்தில் சத்தம் ஒன்றும் இல்லை, எல்லா விளையாட்டுக்கும் தகுதி என்று எழுதிக்கொடுத்துவிட்டார். சாரிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன வடு ஆறிப்போயிருக்க வேண்டும்.

ஆகவே இனிமேல் சாருக்கு எழுத வேண்டாம். இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மைதானத்தில் பைனல். யூனிவர்சிட்டிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள். என்னிடம் இருப்பது இந்தக் கை ஒன்றுதான். இதை விட்டால் நானும் ஸ்டோரில் அடுப்புப் பார்க்க வேண்டியதுதான்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.
சங்கையா


சாந்தன்பாறை
11-11-1973

ராவுத்தருக்கு, பெரியமுத்துவின் ஆயிரம் வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகமா? நான் சுகம், சுகத்துக்கு மேல் சுகம். பையனுக்குப் பரிசோதனை முடிந்துவிட்டது. முதல் தேதி வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தானாம். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்!

அன்றைக்குப் பெரிய டாக்டர் ஏதோ பயமுறுத்தியிருக்கிறார், நானும் ஒன்பது வருஷமாக ஒரு சாக்கு பயத்தைச் சுமந்திருக்கிறேன். நேற்று ஸ்டோரில் என்னை அறியாமல் பாடிவிட்டேன். பாட்டைக் கேட்டு அடுப்பில் விறகு தள்ளுகிறவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டான். மகன் என்மேல் கோபமாக இருக்கிறான். இருக்கட்டும், உயிரோடு இருந்து எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளட்டும்.

பைனலுக்கு நீங்களாவது போய் எனக்கும் சேர்த்துக் கை தட்டுங்கள்.
பெரியமுத்து


பாலக்காடு
17-11-1973

முத்தண்ணனுக்கு, சைனுதீன். எங்கள் சுகத்தை அப்புறம் எழுதுகிறேன்.

முதல் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பகல் பன்னிரண்டு வரை சங்கையா என் கடையில் இருந்தான். காலேஜ் இல்லை என்றான். சாக்கு அடுக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பீவி கஞ்சி கொடுத்தாள். இருமிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தான். துண்டில் சிவப்பு. பீவி பார்த்துவிட்டாள். "காலைல ஹாஸ்டல்ல பீட்ரூட்டு மாமி" என்றான். பெருநாள் முடிந்த நாலாம் நாள் என்பதால் எனக்கும் தேதி தப்பாது, அவளுக்கும் தப்பாது.

அப்படியானால் பத்து மணிக்கு டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நின்றது யார்?

நேற்று ஹாஸ்டலுக்குப் போய்க் கேட்டேன். "மாமா, பைனல் முடியட்டும், நானே வந்து எந்த டாக்டர் முன்னாடியும் நிக்கிறேன்" என்றான். மைதானத்து வாசலில் என்னைப் பிடித்து நிறுத்த ஆள் சொல்லிவைத்திருக்கிறான். நான் வெறும் கடைக்காரன், என் பேச்சு அங்கே எடுபடாது. நீங்கள் தகப்பன்.

கடிதம் எழுதி நேரத்தைப் போக்காதீர்கள். வாருங்கள்.
சைனுதீன்


பாலக்காடு, ஆசுபத்திரி வராந்தா
26-11-1973, திங்கள்

அன்பு சின்னத்தாய்க்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள். இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டி நீயே படி. மெதுவாகப் படித்தால் நல்லதுதான்.

தேனிக்குச் சாக்கு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் தேனியில் இறங்கவில்லை. பொள்ளாச்சி வந்து பாலக்காட்டு பஸ் பிடித்தேன். கோபாலபுரம் செக்போஸ்டில் என் உடம்பு மணத்தை வைத்து ஏலக்காய் கடத்துகிறேன் என்று இறக்கிவிட்டார்கள். பையைக் கொட்டினார்கள், வேட்டியை உதறினார்கள். "ஏலக்கா எவிடே?" என்று மலையாளத்தில் அதட்டினார்கள். "சாமி, இது என் வேர்வையே இப்படித்தான்" என்றேன். நம்புவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. ராவுத்தர் கடைக்குப் போக நேரமில்லை. நேரே மைதானத்துக்கு ஓடினேன்.

சுற்றிலும் ஐநூறு பேர் இருக்கும். நம் பிள்ளை வெள்ளைப் பனியன் போட்டு வலையோரம் நின்றிருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். பழனிச்சாமி சாரிடம் போய்ச் சொன்னேன்: "சார், நான் சங்கையாவோட அப்பா. அவன் குடுத்த ரெண்டு சர்டிபிகேட்டும் பொய். மொதலாவதுக்கு வேற பையன நிப்பாட்டி வாங்குனது நான். ரெண்டாவதுக்கு இவனே ஆள நிப்பாட்டிட்டான். இவனுக்கு இருதயத்துல கோளாறு. ஆட விடாதீங்க."

"என்னுங்க பெரியவரே, விசில் அடிக்கிற நேரத்துல வந்து என்னென்னமோ சொல்றீங்க?" என்றார். நல்ல மனிதர்தான். அவனைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இவரு உங்கப்பனா?" என்று கேட்டார்.

சின்னத்தாயி, அவன் என்னைப் பார்த்தான். உதறின வேட்டி, அட்டைக்கடிக் கால், காலிப் பை. "இல்லீங்க சார். எங்க எஸ்டேட்டுக்காரர். கொஞ்சம் புத்தி சரியில்ல" என்றான்.

எத்தனை பேருக்கு நான் ஆஜர் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் பேருக்கு என்னாலேயே ஆஜர் ஆக முடியவில்லை. நான்தான் தகப்பன் என்று காட்ட என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. இருந்திருந்தால் மட்டும் யார் நம்புவார்கள், காகிதமெல்லாம் பொய் என்று சொன்னவனே நான்தானே. "ஓரமா உக்காருங்க, அப்புறம் பேசலாம்" என்று சார் போய்விட்டார். விசில் அடித்தார்கள்.

நான் மைதானத்துக்குள் நடந்துபோய் வலைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய வீரம் என்று நினைக்காதே. நின்றால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உட்கார்ந்தேன். ஐநூறு பேரும் சிரித்தார்கள். கடலைத் தோலை எறிந்தார்கள். இரண்டு பையன்கள் கைக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கினார்கள். நான் வலையைப் பிடித்துக்கொண்டேன். வலை தொங்கிவிட்டது. "போலீஸக் கூப்பிடு" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போது நம் பிள்ளை வந்தான். குனிந்தான். உதடு நீலமாக இருந்தது. "அப்பா, எந்திரிங்கப்பா. எல்லாரும் சிரிக்காங்க" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் சார் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

சார் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டார். சங்கையா என்னைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதை உனக்கு எழுத மாட்டேன்.

இப்போது உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். மூட்டுவலி என்று நான் சொன்னது பொய். ஒன்பது வருஷமாக உன்னிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். என்னைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள், மீதி வைக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே டாக்டர் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். முன்னும் வைத்தார், பின்னும் வைத்தார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். இருதயத்துக் கதவு மிகவும் சுருங்கிவிட்டதாம். வேலூருக்குக் கொண்டுபோய்க் கீறித் திறந்துவிடலாமாம். அதற்கு முன் உடம்பு தேற வேண்டுமாம். "தேறுமா சார்?" என்றேன். "பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல்லை நான் ஸ்டோரில் ஈரக்காய் கொண்டுவருகிறவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் அதன் அர்த்தம் தெரியும். ராவுத்தர் டாக்ஸி பேசப் போயிருக்கிறார். பழனிச்சாமி சார் காலையிலும் மாலையிலும் வந்து கட்டிலோரம் நின்றுவிட்டுப் போகிறார். ஆறு ரவுண்டு ஓட விட்டதை அவரால் விழுங்க முடியவில்லை. நான் அவரிடம், "நீங்க படிச்ச சர்டிபிகேட்டு நான் எழுத வெச்சதுதான் சார்" என்றேன்.

சங்கையா சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று மத்தியானம் மட்டும் கண்ணைத் திறந்து, "அம்மாவுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டான்.

"எழுதிட்டேன்" என்றேன். எழுதியிருக்கவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், உட்கார்ந்தபடியே. நான் வெளியே வந்து நர்ஸிடம் காகிதம் வாங்கி, வராந்தா பெஞ்சில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிடைத்த முதல் பஸ்ஸில் புறப்பட்டு வா. அவன் எழுந்திருப்பதற்குள் நான் தபாலாபீசுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

பெரியமுத்து